ஏத்தத்துல போச்சா, வத்தத்துல போச்சா?

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க எண்ணூர் பக்கம், பேரு போடாதீங்க. என் தம்பிக்கு 26 வயசு. பங்குனி அமாவாசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை ராத்திரி, கூட்டாளிங்க ரெண்டு பேரோட கொசஸ்தலை ஆத்துல வீச்சு வலை போடப் போனவன் திரும்பி வரல. அந்தப் பசங்க ‘நாங்க பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிட்டோம், அவன் இன்னும் ரெண்டு வீச்சு போட்டுட்டு வரேன்னான்’னு சொல்றாங்க. செருப்பும் வண்டியும் ரயில் பாலத்துக்கிட்ட கரையில அப்படியே இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை விடிகாலை பாடி கிடைச்சது, முகத்துவாரம் பக்கம் இல்லண்ணே, பாலத்துலேர்ந்து உள்ளுக்குள்ள மேற்கால, அரை கிலோமீட்டருக்கு மேல, அலையாத்திச் செடிங்க நடுவுல. ஆறு கடலுக்குத்தானே போகும், பாடி எப்படி எதிர்ல போகும்? ஸ்டேஷன்ல கால் வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிட்டாங்க. அவன் நல்லா நீந்துவான். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க தெரு பசங்க சாக்குல துணியும் தெர்மாகோலும் அடைச்சு தம்பி சைஸுக்கு பொம்மை கட்டி, அவன் சட்டையவே மாட்டி, அதே எடத்துல ஆத்துல விட்டாங்க. அது நேரா முகத்துவாரம் பார்த்துப் போயிடுச்சு. வீடியோ வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் போயிருக்கு. அப்போ அந்த ரெண்டு பேரும் வேற எங்கயோ வெச்சு அடிச்சு கொண்டாந்து போட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்? நெத்தியிலயும் கை முட்டியிலயும் காயம் இருந்துச்சு, ஒதடு பிஞ்சிருந்துச்சு. இந்த வீடியோ கோர்ட்ல நிக்குமா? அம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்குறாங்க.

பதில்: தங்கச்சி, மொதல்ல நேரா சொல்லிடுறேன். அந்த வீடியோ கோர்ட்ல நிக்காது. சரியா கணக்கு போட்டுப் பார்த்தா அது நீங்க நெனைக்கிறதுக்கு எதிர்ப்பக்கம்தான் பேசுது. கஷ்டமா இருக்கும், தெரியும், ஆனா இதை வெளியாள் யாராவது வக்கீல் வாயால கோர்ட்ல கேக்குறதை விட உங்க அண்ணன் மாதிரி நான் சொல்றது நல்லது. பொதுப்பணித்துறையில ஆத்துத் தண்ணி அளக்குற வேலையில பாதி ஆயுசைக் கழிச்சவன் நான், அந்த அனுபவத்துல சொல்றேன்.

வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழ கொசஸ்தலை ஆறு ஆறு மாதிரி நடந்துக்காது. பங்குனியில மேலேர்ந்து தண்ணி வரத்தே கெடையாது, பூண்டியிலயும் தாமரைப்பாக்கத்துலயும் நிறுத்திடுவாங்க, அதனால பாலத்தடியில இருக்குறது முழுக்க கடல் தண்ணி. கடல் மட்டம் ஏறுற ஏத்தத்துல அது உள்ள வரும், எறங்குற வத்தத்துல வெளிய போகும். ஒரு ஏத்தத்துலேர்ந்து அடுத்த ஏத்தம் 12 மணி 25 நிமிஷம். இப்போ கணக்கைப் பாருங்க. வெள்ளி ராத்திரி பத்து மணியிலேர்ந்து அடுத்த வார ஞாயிறு காலை பத்து மணி வரைக்கும் எட்டரை நாள், அதாவது 204 மணி நேரம். அதுல 16 முழுச் சுத்து போனா 198 மணி 40 நிமிஷம். மிச்சம் 5 மணி 20 நிமிஷம். ஒரு சுத்துல பாதி 6 மணி 12 நிமிஷம்தானே, அப்போ பசங்க பொம்மை விட்ட நேரமும் தம்பி தண்ணியில இருந்த நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணுக்கொண்ணு தலைகீழ். ஞாயிறு காலையில தண்ணி வெளிய போயிட்டு இருந்துச்சுன்னா, அந்த வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு அது உள்ள ஏறிட்டு இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பொம்மை கெழக்கால போனதும் தம்பி மேற்கால போனதும் ஒரே ஆத்துல, யாரும் தூக்கிட்டுப் போகாமலே, ரெண்டுமே நடக்கலாம்.

இன்னொண்ணு, அமாவாசைக்கு மறுநாள் தண்ணிக்கு இருக்குற வேகம், பசங்க பொம்மை விட்ட தசமி கிட்ட இருக்காது. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் வத்தமும் பெருசு, அஷ்டமி தாண்டி ஒண்ணு ரெண்டு நாள்ல ரொம்ப சின்னது. உங்க ஊர் பெரியவங்க யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பாங்க, பசங்க அவசரத்துல கேக்காம விட்டுட்டாங்க.

அடுத்தது பொம்மை. தெர்மாகோல் அடைச்ச சாக்கு மேல மெதக்கும், மனுஷ உடம்பு அப்படி கெடையாது. நெஞ்சுல இருக்குற காத்து வெளிய போயி தண்ணி புகுந்துச்சுன்னா உடம்பு கீழ எறங்கும், தரைக்கிட்ட போயி கெடக்கும், அப்புறம் வயித்துல வாயு ஊறித்தான் மேல வரும். நம்ம ஊர் சூட்டுல, தண்ணியே 30 டிகிரி கிட்ட இருக்குற பங்குனியில, அது பெரும்பாலும் ஒரு நாள், ஒண்ணரை நாளுக்குள்ள நடந்துடும். தம்பி வெள்ளி ராத்திரி போயி ஞாயிறு விடிகாலை கிடைச்சாருன்னா 31 மணி நேரம் சுமார், அது பொருந்துது. அப்போ அவரு மொத பல மணி நேரம் அடித்தண்ணியில, கடைசி சில மணி நேரம் மேல்தண்ணியில. அடியில தண்ணி மெதுவு, பாலத் தூண் பக்கத்துல சுழி வேற. மேல வந்ததுக்கப்புறம் காத்தும் சேர்ந்து தள்ளும். பங்குனியில மத்தியானத்துக்கு மேல கடல் காத்து தென்கெழக்குலேர்ந்து அடிக்கும்ல, சனிக்கிழமை சாயங்காலம் பாடி மேல வந்திருந்தா அந்தக் காத்து எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? உள்ளுக்குள்ள, செடிங்க பக்கம்தான்.

மேல ஒரு தண்ணி கீழ ஒரு தண்ணின்னு நான் சொல்றதை நம்ப மாட்டேங்குறவங்க நெறைய பேரு. நானும் நம்பாமத்தான் இருந்தேன். ஒரு கார்த்திகை மாசம், மழை விட்டு நாலு நாள், முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ள படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, தண்ணி வேகத்தை அளக்குற கரண்ட் மீட்டர் எறக்கினோம். அது சின்ன சின்ன கிண்ணம் வெச்ச சக்கரம், பின்னாடி மீன் வால் மாதிரி ஒரு தகடு, தண்ணி வர்ற பக்கம் பார்த்து அதுவே திரும்பிக்கும். சக்கரம் ஒரு சுத்து சுத்துனா காதுல மாட்டின ஹெட்ஃபோன்ல ஒரு டிக். மேல டிக்டிக்டிக்னு மழை பேஞ்ச மாதிரி. ஒரு மீட்டர் எறக்கினேன், கொறஞ்சது. இன்னும் கொஞ்சம் எறக்கினேன், டிக்... ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு டிக், அப்புறம் ஒண்ணுமே இல்ல. குப்பை மாட்டிக்கிச்சு போலன்னு நெனைச்சு இன்னும் அரை மீட்டர் விட்டா திரும்ப டிக் டிக்குனு ஆரம்பிக்குது. கேபிளைப் பிடிச்சிருந்த கையில அது சாயுற பக்கம் மாறினது தெரிஞ்சது. படகு ஓட்டின காட்டுக்குப்பத்துப் பெரியவர் வெத்தலையைத் துப்பிட்டு ‘கீழ ஏத்தம் வந்துடுச்சு சார், மேல இன்னும் வத்தந்தான்’னாரு. மழை நீர் லேசு, உப்புத் தண்ணி கனம், அது அடியில நுழைஞ்சு உள்ள வந்துட்டு இருக்கு, மேல மழைத் தண்ணி கடலுக்குப் போயிட்டு இருக்கு, ஒரே நேரத்துல ஒரே எடத்துல. தம்பி விஷயம் பங்குனி, அப்போ மழைத் தண்ணி இல்ல, அதனால இந்த அளவுக்கு இருக்காது. ஆனா இதே சம்பவம் கார்த்திகையில நடந்திருந்தா மேல மெதக்குற பொம்மையை வெச்சு எதையுமே சொல்ல முடியாது.

பொம்மை மேட்டர் சாதாரணம் இல்லங்க. 2014ல காணாம போன மலேசிய விமானம் ஞாபகம் இருக்கும். அதோட றெக்கைத் துண்டு ஒண்ணு 2015 ஜூலையில ரீயூனியன் தீவுல ஒதுங்குச்சு. அது எங்கேர்ந்து மெதந்து வந்திருக்கும்னு பாக்க ஆஸ்திரேலியாவோட அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல அதே மாதிரி மரத்துலயும் இரும்புலயும் செஞ்சு கடல்ல விட்டாங்க. அப்புறம் சந்தேகம் வந்து அதே மாடல் விமானத்தோட நெஜத் துண்டையே வாங்கி, அதே அளவுக்கு வெட்டி விட்டுப் பார்த்தா, அது போலித் துண்டை விட வேகமா, காத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமா ஒதுங்கிப் போகுது. அவ்வளவு கவனமா செஞ்ச போலிக்கே இந்த வித்தியாசம்னா மீன் பெட்டி தெர்மாகோல் அடைச்ச சாக்கைப் பத்தி என்ன சொல்றது.

இவ்வளவு சொன்னதால சோதனையே வேணாம்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க. வேணும். ஸ்டேஷன்ல ஒரு வரியில வழுக்கி விழுந்தான்னு எழுதி மூடுறதும் தப்புதான், அவங்களும் தண்ணியை அளக்கலையே. முறையா பண்ணணும், அதுக்கு நாள் இருக்கு. சந்திரன் ஒரு சுத்து முடிக்க 29 நாளும் அரையும் ஆகும், அப்போ ஏத்தவத்த நேரமும் வேகமும் ஏறக்குறைய அதே எடத்துக்கு வந்து நிக்கும். சித்திரை அமாவாசைக்கு மறுநாள் ராத்திரி பத்து மணி, அதுதான் உங்களுக்குக் கிடைக்குற அடுத்த நல்ல நேரம். அதை விட்டா வைகாசி. ஆடிக்கு மேல காத்து மாறிடும், ஐப்பசியில மழைத் தண்ணி வந்துடும், அப்புறம் பண்ணி பிரயோஜனமில்ல. ஆத்துத் தரையும் அப்படியே இருக்காது, அனல் மின் நிலையச் சாம்பல் படிஞ்சு மேடாகுது, முகத்துவாரத்துல மணல் மூடுது தூர்வாருறாங்க, முகம் அடைச்சா உள்ள வர்ற தண்ணியோட அளவே மாறிடும். அதனால முகத்துவாரம் அன்னிக்கு எவ்வளவு திறந்திருந்துச்சுன்னு யார்கிட்டயாவது போட்டோ இருந்தா இப்பவே வாங்கி வைங்க, தேதியோட.

ஆனா தயவுசெஞ்சு நீங்களா ராத்திரியில பசங்களை எறக்காதீங்க. இன்னொரு வீட்டுல எழவு விழக்கூடாது. விசாரணை அதிகாரிக்கு எழுத்துல மனு கொடுங்க, தடயவியல் துறை ஆளும் தண்ணி ஓட்டம் தெரிஞ்ச ஒரு இன்ஜினியரும் முன்னாடி இருந்து செய்யணும்னு கேளுங்க. கிண்டியில அண்ணா பல்கலைக்கழகத்துல நீர்வளத்துக்குன்னே ஒரு மையம் இருக்கு, ஐஐடியில கடல் பொறியியல் துறை இருக்கு, ஆள் இல்லாத ஊரு இல்ல இது. அவங்க என்ன பண்ணணும்னா, மேல மெதக்குறது கொஞ்சம், நடுத்தண்ணியில தொங்குறது கொஞ்சம், தரையை உரசிப் போற மாதிரி கனம் வெச்சது கொஞ்சம்னு பத்துப் பதினஞ்சு விடணும், ஒண்ணு ரெண்டு விட்டா அது அதிர்ஷ்டம்தான். நம்ம வேலையில சாத்துக்குடி கூட விடுவோம், அது முக்காவாசி முழுகி மெதக்கும், காத்து அவ்வளவா பிடிக்காது, 100 மீட்டரை 250 விநாடியில கடந்துச்சுன்னா மேல்தண்ணி விநாடிக்கு 0.4 மீட்டர், அதை 0.85 ஆல பெருக்குனா மொத்த ஆழத்துக்கும் சராசரி சுமாரா கிடைக்கும். பாலத்துத் தூண்ல அளவுக்கோல் கட்டி கால் மணிக்கொரு தடவை தண்ணி மட்டம் எழுதணும், காத்து எழுதணும், முழுசும் வீடியோ. செருப்பு கிடந்த எடத்துலேர்ந்து மட்டும் விட்டா பத்தாது, கொண்டாந்து போட்டிருப்பாங்கன்னு நீங்க சந்தேகப்படுற எடத்துலேர்ந்தும் விடணும். எந்த முடிவு வந்தா என்ன அர்த்தம்னு விடுறதுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்து போட்டுடணும். பார்த்துட்டு அப்புறம் அர்த்தம் சொன்னா ரெண்டு பக்கமும் அவங்கவங்களுக்கு வேணுங்கறதைத்தான் சொல்லுவாங்க.

அப்பவும் ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆத்துச் சோதனை தம்பி எங்க தண்ணியில எறங்கினாருன்னுதான் சொல்லும், எப்படி எறங்கினாருன்னு சொல்லாது. சிட்னியில ஒரு கேஸு, கடலோரச் செங்குத்துப் பாறையிலேர்ந்து ஒரு பொண்ணு விழுந்து செத்துப்போச்சு, தானா குதிச்சுதா தூக்கி எறிஞ்சாங்களான்னு பாக்க ஒரு இயற்பியல் பேராசிரியர் நீச்சல் குளத்துல ஆளுங்களைத் தூக்கி எறிஞ்செல்லாம் சோதனை பண்ணாரு. 2008ல அந்தப் பொண்ணோட காதலனுக்குத் தண்டனை ஆச்சு. 2012ல மேல்முறையீட்டுல அந்தச் சோதனையை வெச்செல்லாம் கொலைன்னு முடிவு பண்ண முடியாதுன்னு விடுதலை பண்ணிட்டாங்க. நடுவுல அந்த மனுஷன் ஜெயில்ல இருந்தாரு.

காயம் பத்தி கேட்டீங்க. தண்ணியில பாடி பெரும்பாலும் குப்புற, தலையும் கையும் காலும் கீழ தொங்குற மாதிரி இருக்கும், அதனால நெத்தி, கை முட்டி, கால் முட்டி, கால் வெரல் நுனி இதுங்கதான் தரையில, சிப்பியில, கல்லுல உரசும். ஒதடு, கண் இமை, காது இதெல்லாம் நண்டும் மீனும் மொதல்ல கடிக்குற எடம், மெத்துனு இருக்குற சதை. கனடாவுல செத்த பன்னியை கடலடியில வெச்சு கேமரா போட்டு இதைப் பார்த்திருக்காங்க. அம்மா அந்த முகத்தைப் பார்த்துட்டு எவ்வளவு துடிச்சிருப்பாங்கன்னு எனக்குப் புரியுது, அவங்ககிட்ட இதை மெதுவா சொல்லுங்க. உயிரோட இருக்கும்போது பட்ட அடியா, அப்புறம் பட்டதான்னு பிரேத பரிசோதனை பண்ண டாக்டர் எழுதியிருப்பாரு. அந்த ரிப்போர்ட் காப்பியும் பிரேத விசாரணை அறிக்கையும் கேட்டு வாங்குங்க, இது முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசி 174, இப்போ அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 194வது பிரிவுல வர்ற விசாரணை. வாய் மூக்குல நுரை இருந்துச்சா, நுரையீரல் உப்பி இருந்துச்சா, மண்டை ஓட்டுல, கழுத்து உள் சதையில ரத்தக்கட்டு இருந்துச்சா, இந்த மூணு வரியைப் பாருங்க. கழுத்துலயோ மண்டையிலயோ இருந்துச்சுன்னா உங்க சந்தேகத்துக்குக் காரணம் இருக்கு, அப்போ ஒரு நல்ல வக்கீலைப் பிடிச்சு பிஎன்எஸ்எஸ் 528ல ஐகோர்ட்டுக்குப் போங்க, நானே வந்து தண்ணிக் கணக்கு போட்டுத் தரேன்.

நல்லா நீந்துறவன் எப்படி செத்தான்னு கேக்குறீங்க. வீச்சு வலையோட கயிறு மணிக்கட்டுல சுத்தியிருக்கும்ல தங்கச்சி, வீசும்போது வழுக்குனா வலையும் ஈயக்குண்டும் சேர்ந்து இழுக்கும். வலை எங்கன்னு உங்க கடுதாசியில ஒரு வார்த்தை இல்ல. கிடைச்சுதா? எங்க கிடைச்சுது? வலை எங்க கெடந்துச்சோ அதுக்குக் கிட்டத்துலதான் அவரு எறங்கியிருக்கணும், ஈயம் கட்டின வலை தெர்மாகோல் மாதிரி ஊர் சுத்தாது. ஒரு நல்ல முழுக்காளியை வெச்சு பாலத்தடியில தேடச் சொல்லி அதையும் மனுவுல சேருங்க.

அந்த வீடியோவை இனிமே யாருக்கும் அனுப்ப வேணாம்னு பசங்ககிட்ட சொல்லுங்க. அந்த ரெண்டு பேரு வீட்டுலயும் அம்மா இருக்காங்க. அவங்க செஞ்சிருந்தா அது முறையா வெளிய வரணும், செய்யலேன்னா தலைகீழ் நேரத்துல விட்ட ஒரு சாக்கு மூட்டையால அவங்க வாழ்க்கை போகக்கூடாது.

கேள்வி: கடல்ல போன பாடி வடக்காலதான் ஒதுங்கும்னு எங்க தாத்தா சொல்வாரு. நெஜமா சார்? – காசிமேடு வாசகர்

பதில்: தாத்தா மாசத்தையும் சொல்லியிருப்பாரு, நீங்க மறந்திருப்பீங்க. மாசியிலேர்ந்து ஆவணி வரைக்கும் நம்ம கரையோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கேர்ந்து வடக்க போகும், ஐப்பசியிலேர்ந்து மார்கழி வரைக்கும் வடக்கேர்ந்து தெற்க. மணலும் மொத்தத்துல வடக்காலதான் நகருது, துறைமுகம் கட்டினதுக்கப்புறம் தெற்க மெரினா அகலமாச்சு, வடக்க உங்க பக்கமெல்லாம் கடல் அரிச்சு கல்லு கொட்ட வேண்டியதாச்சு, காரணம் அதுதான். கடல்ல யாராவது காணாம போனா ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்குற கடல் தகவல் நிறுவனத்துல சாரட்னு ஒரு டூல் இருக்கு, கடைசியா பார்த்த எடம், நேரம், படகா ஆளா இதைக் கொடுத்தா எந்தப் பக்கம் தேடணும்னு கணக்கு போட்டுத் தரும். 1554க்கு உடனே போன் பண்ணுங்க, கோஸ்ட் கார்டு, அதான் கடலோரக் காவல் படை, எடுப்பாங்க. அப்போ கடைசியா பார்த்த நேரத்தை ‘சாயங்காலம்’னு சொல்லாம மணி சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் தப்பாச்சுன்னா தேடுற எடம் மைல் கணக்குல மாறிடும்.

கேள்வி: டையாட்டம் டெஸ்ட்னா என்ன சார்? அதுலயே தெரிஞ்சுடாதா? – தண்டையார்பேட்டை கல்லூரி மாணவி

பதில்: டையாட்டம் கண்ணுக்குத் தெரியாத பாசிம்மா, மேல கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு. உயிரோட தண்ணியில மூழ்கினா மூச்சோட நுரையீரலுக்குப் போயி, ரத்தத்துல கலந்து, தொடை எலும்பு மஜ்ஜை வரைக்கும் போயிடும். செத்ததுக்கப்புறம் போட்டா இதயம் ஓடாது, அவ்வளவு தூரம் போகாது. மஜ்ஜையை ஆசிட்ல கரைச்சா சதையெல்லாம் போயிடும் ஓடு மட்டும் நிக்கும், மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. ஆனா மூழ்கி செத்தவங்க எல்லாருக்கும் இது கிடைக்காது, மூழ்காதவங்க உடம்புலயும் சில சமயம் கொஞ்சம் இருக்கும், அதனால இதை மட்டும் வெச்சு முடிவு சொல்றதை நெறைய நிபுணர்கள் ஏத்துக்க மாட்டாங்க. எனக்கு இதுல பிடிச்சது வேற. நல்ல தண்ணி டையாட்டம் வேற ரகம், உப்புத் தண்ணி வேற ரகம். உப்பாத்துல கிடைச்ச பாடியோட மஜ்ஜையில ஏரித் தண்ணி ரகம் இருந்துச்சுன்னா, எங்க மூழ்கினாங்கங்குற கேள்விக்கு ஆத்துச் சோதனையை விட அது உறுதியா பேசும். அதுக்கு ஒப்பிட்டுப் பாக்க அந்தந்த எடத்துத் தண்ணி வேணும், பாடி கிடைச்ச எடத்துல ஒரு பாட்டில், எறங்கினதா சொல்ற எடத்துல ஒரு பாட்டில், சுத்தமான பாட்டில்ல, சம்பவம் நடந்து சில நாளுக்குள்ள, ஏன்னா மாசம் மாறினா பாசியும் மாறிடும். மேல கடுதாசி போட்ட தங்கச்சி இதையும் படிப்பாங்க. பாலத்தடித் தண்ணியை இன்னும் யாரும் எடுக்கலேன்னா இந்த வாரமே மனுவுல கேளுங்கம்மா, சித்திரை அமாவாசை வரைக்கும் காத்திருக்க வேணாம்.